செப்புக் கலனின் மூடிப் பற்றவைப்பு: சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுவீடனும் பின்லாந்தும் வகுத்துள்ள கேபிஎஸ்-3 முறையில், பயன்படுத்தி முடித்த அணு எரிபொருள் செப்புக் கலனில் அடைக்கப்பட்டு, 400 மீட்டருக்கும் கீழே பாறைக்குள் புதைக்கப்படும். கலனின் செப்புச் சுவர் 5 சென்டிமீட்டர் தடிமன் கொண்டது. மூடியைப் பற்றவைக்கும் நேரத்தில் எரிபொருள் உள்ளே வந்துவிடுவதால், அந்தப் பற்றவைப்பை வெட்டிப் பார்க்க வழியில்லை. கருவிகளை எட்ட இருந்து இயக்கித்தான் சோதிக்க வேண்டும்.

முதல் தவறு கேள்வியிலேயே நேர்கிறது. குறை உண்டா இல்லையா என்பதைவிட, அரிப்பைத் தாங்க எவ்வளவு தடிமனுக்குப் பழுதற்ற செம்பு எஞ்சியிருக்கிறது என்பதே இங்கே பொருட்படுத்த வேண்டியது. ஆகவே ஒரு குறையின் நீளத்தை மட்டும் அளந்து, அது சுவரின் குறுக்கே எவ்வளவு ஊடுருவியிருக்கிறது என்பதைக் குறிக்காத அறிக்கை அரைகுறையானது.

காதுக்கு எட்டாத ஒலியை உலோகத்துக்குள் செலுத்தி, திரும்பும் எதிரொலியால் குறையைக் கண்டறியும் மீயொலிச் சோதனையில் எஃகுப் பழக்கத்தைச் செம்புக்குக் கொண்டுவருவது அடுத்த தவறு. ஒலி எஃகில் நொடிக்கு ஏறத்தாழ 5,900 மீட்டரும் செம்பில் ஏறத்தாழ 4,700 மீட்டரும் செல்கிறது. எஃகுக் கட்டையை வைத்து அளவு திருத்திய கருவி, செம்பில் 40 மில்லிமீட்டர் ஆழத்திலுள்ள குறையை 50 மில்லிமீட்டரில் காட்டிவிடும். அதாவது, சுவருக்குள் இருக்கும் குறை சுவரின் உட்பரப்பாகத் தோன்றி ஏமாற்றும். வேகத்தை மட்டும் திருத்தினாலும் போதாது. செம்பின் படிகத் துகள்கள் பெரிதாக இருந்தால் ஒலி சிதறி எதிரொலி மங்கும். அப்போது கருவியில் எதிரொலியின் பெருக்கத்தைக் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்தே கூடும். எனவே அதே வகைச் செம்பில், ஒத்த துகளமைப்புடன் செய்த கட்டையே வேண்டும்.

பற்றவைக்கும் முறையை அறியாமல் சோதனை முறையைத் தேர்வதையே நான் பெரிய பிழையாகக் கருதுகிறேன். எலக்ட்ரான் கற்றைப் பற்றவைப்பில் வெற்றிடக் குழிகள் எழலாம். அவற்றை எக்ஸ்-கதிர்ப் படம் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். சுழலும் முனையால் உலோகத்தை உருக்காமல் இளக்கிக் கலந்து இணைப்பது உராய்வுக் கலக்கல் முறை. சுவீடன் 2005-இல் தேர்ந்த அந்த முறையிலோ, மூடியும் குழாயும் சந்தித்த பழைய கோடு உள்விளிம்பில் கொக்கிபோல் வளைந்து பற்றவைப்புக்குள் ஏறக்கூடும். இந்த மெல்லிய பிளவு கதிரின் திசைக்குக் குறுக்கே கிடந்தால் படத்தில் விழாது. மீயொலியே அதைப் பிடிக்கும். மேற்பரப்பை ஒட்டிய நுண்குறைகளுக்கு, உலோகத்தில் மின்னோட்டத்தைத் தூண்டி அதன் மாற்றத்தைக் கவனிக்கும் சுழல் மின்னோட்டச் சோதனை துணையாகும்.

கடைசியாக, கண்டுபிடித்த மிகச் சிறிய குறையைக் கருவியின் திறனாகச் சொல்லிக்கொள்ளும் வழக்கம். அது விளம்பரத்துக்கு உதவும். கலனை ஏற்பதா மறுப்பதா என்று முடிவெடுப்பவருக்கோ, தவறவிடக்கூடிய மிகப் பெரிய குறை எது என்பதே தெரிய வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூறு முறையேனும் சிக்கும் குறையளவை, 95 விழுக்காடு நம்பகத்துடன் சொல்லும் வழக்கம் இதற்காகவே வந்தது.