வினைல் பலகையா, லேமினேட்டா? நிறத்துக்கு முன் ஈரத்தைப் பாருங்கள்

கோலாலம்பூரில் வீட்டுத் தரையை மாற்ற நினைப்பவர்களில் பலர் கடையில் மாதிரிப் பலகையின் நிறத்தைப் பார்த்தே முடிவெடுத்துவிடுகிறார்கள். சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கும் இந்த ஊரில் முதலில் ஆராய வேண்டியது, அந்தப் பலகை படுக்கப்போகும் சிமெண்டுத் தரையைத்தான்.

லேமினேட் பலகையின் நடுப்பகுதி, அழுத்தி இறுக்கிய மரநாரால் ஆனது. மேற்பரப்பு கீறலை நன்றாகத் தாங்கினாலும், இணைப்புகளின் வழியே இறங்கும் நீர் அந்த நாரை உப்பச் செய்துவிடும். உப்பிய விளிம்பு காய்ந்த பிறகும் பழைய நிலைக்குத் திரும்பாது. செந்தூலில் என் சித்தி வீட்டில் துணி துவைக்கும் இயந்திரத்தின் குழாய் ஒரே இரவு கசிந்ததற்கு, ஓர் அறையின் தரை முழுவதையும் பெயர்த்தெடுக்க நேர்ந்தது. சுண்ணாம்புக்கல் தூளும் பிவிசியும் கலந்து செய்யப்படும் எஸ்பிசி வகை வினைலில் உப்புவதற்கு மரமே இல்லை. கரையானுக்கும் அதில் இரை கிடையாது.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஏறத்தாழ ஒன்றரை அடிச் சதுரமுள்ள பிளாஸ்டிக் தாளை வெற்றுச் சிமெண்டின் மீது விரித்து, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் இறுக மூடி, ஒரு நாள் கழித்து எடுத்துப் பாருங்கள். அடியில் நீர் அரும்பியிருந்தாலோ சிமெண்டு கறுத்திருந்தாலோ, கீழிருந்து ஈரம் ஏறுகிறது என்று பொருள். அந்த அறைக்கு லேமினேட் வேண்டாம். வினைலாக இருந்தாலும், அடியில் பூஞ்சை படியாதிருக்க ஈரத்தின் காரணத்தைச் சரிசெய்த பிறகே போடுங்கள்.

நாள்தோறும் துடைக்கும் சமையலறைக்கும் கீழ்த்தள வரவேற்பறைக்கும் வினைலே ஏற்றது என்பது என் கருத்து. அதன் மொத்தக் கனத்தைவிட, மேலே உள்ள தேய்மானப் படலம் எத்தனை மில்லிமீட்டர் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். நடமாட்டம் மிகுந்த இடத்துக்கு 0.5 இருப்பது நல்லது. வினைலின் பலவீனம் வெப்பம். கண்ணாடிக் கதவின் வழியே பிற்பகல் வெயில் நேராக விழும் இடத்தில் அது விரிந்து மேலெழக்கூடும் என்பதால் அங்கே திரைச்சீலை அவசியம். சாமி மேடைக்கு முன் கற்பூரத் தணல் சிந்தினால் கறை நிலைத்துவிடும் என்பதால் அங்கே ஓர் உலோகத் தட்டை வையுங்கள். ரப்பர் அடிப்பாகமுள்ள கால்மிதிகளும் வினைலில் மஞ்சள் கறையை விடும்.

ஈரம் அண்டாத மாடிப் படுக்கையறைகளுக்கு 8 மில்லிமீட்டர் லேமினேட் தாராளமாகப் போதும். காலுக்கு மரத்தின் இதமும் கிடைக்கும். பழைய டைல்ஸின் மேலேயே போடுவதானால், பலகையும் அடிவிரிப்பும் சேர்ந்து உயரும் அளவுக்குக் கதவின் அடியைச் செதுக்க வேண்டியிருக்கும். அந்தக் கூலி விலைப்பட்டியலில் சேர்ந்திருக்கிறதா என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.