மெயில் குரூப்பில் சேர்வதையும் விலகுவதையும் ஊழியர்களிடமே விட்டுவிடுங்கள்

எங்கள் அலுவலகத்தில் ஒருவர் விற்பனையிலிருந்து கணக்குப் பிரிவுக்கு மாறி இரண்டு மாதம் ஆகியும் பழைய டீமின் மெயில் குரூப்பில், அதாவது ஒரே முகவரிக்கு அனுப்பினால் எல்லோருக்கும் போகும் பட்டியலில், அவர் இருந்ததால் அந்த மெயில்கள் அவருக்குக் கொட்டிக்கொண்டே இருந்தன. "ஐடிக்கு எழுதினேன், யாரும் கண்டுக்கலை" என்றார். அவர் கோபம் நியாயமானது. அவரே ஒரு கிளிக்கில் விலகியிருக்கலாம், அந்த வழியை நாங்கள்தான் திறந்துவைக்கவில்லை. நிறுவனங்களுக்கான கூகுளின் மெயில், டிரைவ் சேவையான கூகுள் வொர்க்ஸ்பேஸில் அதைத் திறப்பது இப்படித்தான்.

முதலில் அட்மின் கன்சோலில் (நிறுவனக் கணக்குகளை ஐடி நிர்வகிக்கும் பக்கம்) 'குரூப்ஸ் ஃபார் பிசினஸ்' என்ற சேவை ஆன் ஆகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கீழே சொல்வது எதுவும் நடக்காது.

அடுத்து எந்தக் குரூப்பைத் திறப்பது என்று முடிவு செய்யுங்கள், அவசரப்பட வேண்டாம். குரூப் என்பது வெறும் மெயில் முகவரி மட்டும் இல்லை. டிரைவில் ஒரு ஃபோல்டரை அந்த முகவரிக்கு ஷேர் செய்திருந்தால், குரூப்பில் சேர்கிறவருக்கு அந்த ஃபோல்டரும் திறந்துவிடும், உரையாடல்களைச் சேமித்து வைக்கும் குரூப் என்றால் பழைய மெயில்களையும் படிக்க முடியும். கேன்டீன் அறிவிப்பு, கிரிக்கெட் டீம் போன்றவற்றைத் தாராளமாகத் திறக்கலாம். சம்பளப் பட்டியல் புழங்கும் குரூப்பைத் தொடவே கூடாது.

சரி, இப்போது கூகுள் குரூப்ஸ் தளத்தில் அந்தக் குரூப்பைத் திறந்து 'குரூப் செட்டிங்ஸ்' போங்கள். 'ஹூ கேன் ஸீ குரூப்' என்பதில் நிறுவனத்தில் உள்ளவர்கள் என்று வையுங்கள், கண்ணில் படாத குரூப்பில் யார் சேருவார்கள்? அதற்குக் கீழே 'ஹூ கேன் ஜாயின் குரூப்'. அதில் மூன்று நிலை: அழைத்தால் மட்டும், கேட்டுச் சேரலாம், நேரே சேரலாம். டீம் குரூப்புகளுக்கு நடுவில் உள்ளதுதான் என் தேர்வு. கோரிக்கை குரூப்பின் ஓனருக்கும் மேனேஜருக்கும் போகும், ஐடி நடுவில் நிற்க வேண்டாம். ஆனால் டீம் லீடரை மேனேஜராகப் போட மறந்தால் கோரிக்கை கேட்பாரற்றுக் கிடக்கும். கடைசியில் சேவ்.

ஊழியர்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். 'ஆல் குரூப்ஸ்' போய்த் தேடி 'ஜாயின்' அழுத்தலாம், 'மை குரூப்ஸ்' போய் விலகலாம். விலக மனமில்லை, மெயில்தான் அதிகம் என்றால் மெயில் எப்படி வர வேண்டும் என்பதைச் சொல்லும் சப்ஸ்கிரிப்ஷனை 'டைஜஸ்ட்' ஆக்கலாம், 25 மெயில் வரை ஒரே மெயிலாக வரும்.

சிலரால் மட்டும் விலக முடியாது. அவர்கள் நேரடி உறுப்பினராக இல்லாமல், உள்ளே சேர்த்த இன்னொரு குரூப் வழியாக வந்திருப்பார்கள். அந்த உள் குரூப்பிலிருந்துதான் விலக வேண்டும்.

அப்புறம், அட்மின் கணக்கில் இதைச் சோதிக்காதீர்கள், அதில் எல்லாமே தெரியும். பக்கத்து சீட் ஊழியரை அவர் கணக்கில் ஒரு முறை சேர்ந்து விலகிப் பார்க்கச் சொல்லுங்கள்.