காசு கேட்கப் போகும்முன்: மலையகத்தில் நிதி சேர்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையின் மலையகத்தில், ஹட்டனில் இருந்துகொண்டு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளின் படிப்புக்காக நிதி சேர்க்கும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். புதிதாக இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கச்சிமார் முதல் நாளே கேட்பது, "எப்படிக் கேட்டால் காசு தருவார்கள்?" என்பதுதான். கேட்பது இந்த வேலையில் சின்னப் பங்கு. காலையில் தோட்டத்துக்குப் போய்ப் பிள்ளையின் வீட்டில் பேச வேண்டும். பதினொரு மணிக்கு டவுனில் கடை கடையாக ஏறி இறங்க வேண்டும். பின்னேரம் வங்கி, பிரதேச செயலகம், பாடசாலை அதிபர் என்று அலைச்சல். இரவில் பற்றுச்சீட்டுப் புத்தகத்தையும் கணக்குக் கொப்பியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கடிதம் எழுத வேண்டும். இவ்வளவும் ஓடுவது கொடுத்தவரும் பெற்றவரும் நம்மேல் வைத்திருக்கிற நம்பிக்கையில்தான். மலையகத்தில் அந்த இரண்டு பேரும் பல நேரம் ஒரே லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் ஒரே வரிசை வீடுகளில், இருப்பார்கள். அதை மறப்பதில் இருந்துதான் முக்கால்வாசித் தவறும் வருகிறது.

முதலாவது, தோட்டத்து மக்களை வாங்கும் கைகளாக மட்டும் பார்ப்பது. தொழிற்சங்கச் சந்தா, கோயில் திருவிழாப் பங்கு என்று செக்ரோலில், அதாவது தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டில், சம்பளத்திலிருந்தே பிடிக்க விட்டுக் காலங்காலமாகக் கொடுத்து வந்தவர்கள் இவர்கள். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் மரணாதாரச் சங்கம் அன்றைக்கே காசோடு வந்து நிற்கும். இப்படிப்பட்ட சனத்தைப் பற்றிக் கொழும்பு மேடையில் ஏறி "பாவப்பட்ட மக்கள்" என்று பேசுவது தப்பு. அந்தச் சொல்லைக் கேட்டு ஒருவர் ஆயிரம் ரூபாய் தரலாம். ஆனால் அந்தப் பேச்சின் வீடியோ அடுத்த நாளே லயத்துக்கு வந்து சேரும்.

படம் எடுக்கிற விஷயத்தை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். வேலைக்கு வந்த இரண்டாவது வருடம், சுண்ணாம்பு உதிர்ந்த லயத்து வாசலில் கிழிந்த பையோடு நின்ற ஒரு பிள்ளையைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் போட்டேன். முகம் தெளிவாக இருந்தது. கழுத்தில் பாடசாலை டை. தாய் "எடுங்க" என்று சொல்லித்தான் எடுத்தேன். காசு நன்றாகவே வந்தது. மூன்று கிழமை கழித்துப் புதுப் பையையும் கொப்பிகளையும் எடுத்துக்கொண்டு போனால், பிள்ளை என்னைக் கண்டதும் உள்ளே போய்விட்டது, வெளியே வரவே இல்லை. தாய் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "காசு வேணாம்னு சொல்லல தம்பி. ஆனா இவ இப்ப ஸ்கூலுக்குப் போக மாட்டேங்கிறா." வகுப்பில் யாரோ ஒருவரின் அண்ணன் போனுக்கு அந்தப் படம் போயிருக்கிறது. பிள்ளைக்குப் பட்டப்பெயரும் வைத்துவிட்டார்கள்.

படத்தை நான் அழித்தேன். கை மாறிக் கை மாறிப் போனதை அழிக்க முடியவில்லை. அன்றைக்கு அந்தத் தாய் சொன்ன "எடுங்க" சம்மதமே இல்லை என்பது அப்புறம்தான் புரிந்தது. உதவி கொண்டு வருகிறவனிடம் யார்தான் மாட்டேன் என்று சொல்வார்கள்? இப்போது நாங்கள் முகம் எடுப்பதில்லை. எழுதுகிற கை, கொழுந்து மலைக்கு நடுவில் பாடசாலைக்குப் போகிற பாதை, பிள்ளையே வரைந்த ஒரு படம் போதும். டை, பெட்ஜ், லயத்து இலக்கம் எதுவும் தெரியக் கூடாது. தோட்டத்தின் பெயரையும் பிள்ளையின் பெயரையும் ஒரே இடத்தில் எழுதக் கூடாது. சம்மதப் படிவத்தைத் தமிழில் எழுதி, வீட்டில் உட்கார்ந்து வாசித்துக் காட்டி, "வேண்டாம் என்று சொன்னாலும் பை வரும்" என்பதை முதலில் சொல்லிவிட்டு, இரண்டு நாள் கழித்துப் போய்க் கையெழுத்து வாங்குகிறோம். தனிநபர் தரவுகளைப் பாதுகாக்க 2022இல் 9ஆம் இலக்கச் சட்டமும் வந்துவிட்டது. சட்டம் வராவிட்டாலும் இதைச் செய்துதான் ஆக வேண்டும்.

அடுத்தது, யாரைத் தாண்டிப் போகிறோம் என்று தெரியாமல் போவது. 1992க்குப் பிறகு தோட்டங்களில் பெரும்பாலானவற்றைப் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள் நடத்துகின்றன. தோட்டத்துக் கட்டடத்தில் கூட்டம் வைப்பதென்றால் துரையின், அதாவது தோட்ட முகாமையாளரின், அனுமதிக் கடிதம் வேண்டும். அது கிடைத்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர், கோயில் கமிட்டி, மாதர் சங்கத்து அக்காமார், சேமநல உத்தியோகத்தர் என்று ஒரு சுற்று இருக்கிறது. ஒருவரைப் பார்த்து மற்றவரை விட்டால், நீங்கள் அவருடைய கட்சி, அவருடைய சங்கம் என்று முத்திரை விழும். தேர்தல் வருகிற மாதங்களில் பெனர் கட்டி எதையும் பகிர்ந்து கொடுக்கவே வேண்டாம்.

நேரம் தெரியாமல் கேட்பது இன்னொன்று. தோட்டத்தில் சம்பளம் பெரும்பாலும் 10ஆம் திகதியை ஒட்டித்தான் கைக்கு வரும். அதற்கு முந்திய கிழமை போய்ப் பங்கு கேட்டால் மானத்துக்குப் பயந்து கடன் வாங்கித் தருவார்கள். தீபாவளிக்கு முற்பணம் எடுத்த வீட்டில் அடுத்த மாதங்களின் சம்பளத்திலிருந்து அது கழிந்துகொண்டே இருக்கும், அந்தக் காலத்தில் வாயைத் திறக்கக் கூடாது. கடைகளுக்குக் கணக்கு வேறு. டிசெம்பர் பௌர்ணமியில் இருந்து மே மாத வெசாக் வரை சிவனொளிபாதமலைக்கு யாத்திரை போகிற கூட்டத்தில் நிறையப் பேர் ஹட்டன், மஸ்கெலியா வழியாகத்தான் போவார்கள். ஏப்ரலில் நுவரெலியா முழுக்க வெளியூர் ஆட்கள். அந்த நாட்களில் கல்லாவில் நிற்கிற முதலாளியிடம் விவரம் சொல்லவே முடியாது, கையில் இருப்பதைக் கொடுத்து அனுப்பிவிடுவார். கிழமை நாளில் பத்தரை, பதினொரு மணிக்குப் போங்கள், உட்காரச் சொல்வார். லண்டனில் இருப்பவர்களை அவர்கள் வேலை முடிந்து வந்த பிறகு பிடிக்க நினைத்தால் நமக்கு நடு இரவாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணி இரண்டு பக்கத்துக்கும் வசதி.

பற்றுச்சீட்டு. சின்னத் தொகைக்கு எதற்கு என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். நானும் ஒரு காலத்தில் ஐந்நூறு ரூபாய்க்கு மேல் தந்தால்தான் எழுதுவேன். ஒரு சம்பள நாள், கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் பக்கத்தில் ஓர் அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து நூறு ரூபாய் தந்தார். நான் புத்தகத்தை எடுக்கவில்லை. கூட வந்த அக்கா என் கையில் இருந்து புத்தகத்தை வாங்கி, காபன் தாளை வைத்து, பெயர் கேட்டு எழுதிக் கிழித்துக் கொடுத்தார். அடுத்த வருடம் நாங்கள் போனபோது அந்த அம்மா பிஸ்கட் டின்னைத் திறந்தார். உள்ளே அடையாள அட்டை, சேமலாப நிதித் துண்டு, அவற்றோடு எங்கள் மஞ்சள் சீட்டு. "இந்தச் சீட்டுப் பிள்ளை என்ன படிக்குது?" என்று கேட்டார். பதில் என்னிடம் இல்லை, அடுத்த கிழமை கேட்டு வந்து சொன்னேன். அன்றிலிருந்து இருபது ரூபாய்க்கும் சீட்டு எழுதுகிறோம். தபாலில் அனுப்பலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். லயத்தில் பல வீடுகளுக்குத் தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்டத்து ஒபிசுக்குப் போய்க் கிடந்து, யாரோ ஒருவர் கையில் எப்போதோ வந்து சேரும். சீட்டு அந்த இடத்திலேயே கைக்குக் கை போக வேண்டும்.

காசைத் தன் சொந்தக் கணக்கில் போட்டு வைப்பதைப் பற்றி ஒரே பேச்சு: கூடாது. சங்கத்தின் பெயரில், இரண்டு பேர் கையெழுத்து வைக்கிற கணக்கு வேண்டும். பஸ்ஸுக்குச் சில்லறை இல்லை என்று உண்டியல் காசில் எடுத்துவிட்டுப் பிறகு போடலாம் என்பதும் கூடாது. பதிவில்லாமல் தொடங்கிவிட்டு, கேள்வி வந்த பிறகு ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள். தன்னார்வ சமூக சேவை அமைப்புகளைப் பதிவு செய்ய 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. முதலில் உங்கள் பிரதேச செயலகத்தில் போய் விசாரியுங்கள்.

இதைவிட நுட்பமான தவறு, ஒன்றுக்கு வாங்கிய காசை இன்னொன்றுக்கு எடுப்பது. நோக்கம் நல்லதாக இருப்பதால் தவறு என்றே தோன்றாது. பல்கலைக்கழகம் போகிற பிள்ளையின் விடுதிச் செலவுக்கு ஒருவர் தந்திருப்பார், அந்த மாதம் ஒரு வீட்டுக் கூரை காற்றில் போய்விடும், கையில் இருப்பதை எடுத்துத் தகரம் வாங்குவோம். தந்தவரைக் கேட்டால் பத்தில் ஒன்பது பேர் சரி என்பார்கள். கேட்காமல் செய்தால் அதே ஒன்பது பேரும் அடுத்த முறை யோசிப்பார்கள். வெளிநாட்டுக் காசில் இன்னொரு சிக்கல். 2022இல் ஒரு டொலர் இருநூறு ரூபாயை ஒட்டி இருந்து, சில மாதத்தில் முந்நூற்று அறுபதைத் தொட்டது. அனுப்பியவர்கள் ரூபாய் பெருகிவிட்டது என்று நினைத்தார்கள். கொப்பி, சப்பாத்து விலையும் கூடவே ஏறியதை நாங்கள் நேரத்தோடு எழுதவில்லை, அதனால் சிலருக்குச் சந்தேகம் வந்தது. இப்போது ஒவ்வொரு தவணையும் எத்தனை பவுண் வந்தது, வங்கி எவ்வளவு பிடித்தது, கைக்கு எவ்வளவு ரூபாய் வந்தது, ஒரு கொப்பி என்ன விலை என்று நான்கு வரி எழுதி அனுப்புகிறோம்.

மண்சரிவு நேரம் தனி. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின் மழையில் பதுளை, நுவரெலியா, கண்டி என்று பல இடங்களில் மண் சரிந்து பாதைகள் துண்டாகின. இப்படியான நாளில் மனம் பதறும், உடனே "எதையாவது அனுப்புங்கள்" என்று எழுதிவிடுவோம். அந்த "எதையாவது"தான் பிழை. பழைய துணி மூட்டை மூட்டையாக வந்து, சனம் தங்கியிருக்கிற பாடசாலையின் வகுப்பறையை நிரப்பும். பிரித்துப் பார்க்க ஆள் இருக்காது. குளிரில் நடுங்குகிறவர்களுக்குக் கம்பளி இருக்காது, பெண்பிள்ளைகளுக்கு உள்ளாடையும் அணையாடையும் இருக்காது. கிராம உத்தியோகத்தரிடமும் முகாமில் இருக்கிற பெண்களிடமும் போனில் கேட்டு, பெயரும் எண்ணிக்கையும் எழுதிய பட்டியல் போடுங்கள். தேவை முடிந்த பொருளைப் பட்டியலில் இருந்து அன்றன்றே வெட்டுங்கள். முகாமுக்குப் போனால் கமராவைப் பைக்குள்ளேயே வைத்திருங்கள். அப்புறம், மூன்றாவது மாதத்துக்கும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். லொறிகள் நின்றுபோன பிறகுதான் பிள்ளைகளுக்குப் பாடசாலைச் செலவு தொடங்கும்.

தேவைப்படும்போது மட்டும் கொடையாளரைத் தேடுவதைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், அதை விடுவோம். பலர் கவனிக்காத ஒன்று, பிள்ளையின் பெறுபேற்றை வாக்குக் கொடுப்பது. "நீங்கள் மாதம் தந்தால் இந்தப் பிள்ளை கம்பஸ் போகும்" என்று சொல்லிக் காசு வாங்கினால், அந்தப் பாரம் முழுக்கப் பிள்ளையின் தலையில் ஏறும். சாதாரண தரம் சரிவராவிட்டால் பிள்ளை நம்மைப் பார்க்கவே கூசும். தந்தவரிடம் சொல்ல நமக்கும் வாய் வராது, அறிக்கையில் மழுப்புவோம். மழுப்பக் கூடாது.

புறக்கோட்டையில் கடை வைத்திருக்கும் ஒருவர் ஒரு பையனின் உயர் தரப் படிப்புக்கு ஒரு வருடக் காசை மொத்தமாகத் தந்திருந்தார். மூன்றாவது மாதம் பையன் படிப்பை நிறுத்திவிட்டுக் கொழும்பில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போய்விட்டான். தகப்பனுக்கு முதுகில் அடி, வீட்டில் வருமானம் இல்லை. சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் இழுத்தேன். பிறகு பையனிடம் பேசி, எதைச் சொல்லலாம் என்று கேட்டுக்கொண்டு, முதலாளிக்குப் போன் எடுத்தேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. தானும் பதினைந்து வயதில் மஸ்கெலியாவில் இருந்து வேலைக்கு இறங்கியவர்தான் என்றார். பையன் திரும்பிப் படிக்க நினைத்தால் முதலில் தனக்குச் சொல்ல வேண்டும் என்றார். மீதி ஒன்பது மாதக் காசை வேறொரு பிள்ளைக்கு மாற்றச் சொன்னார். அதை எழுத்தில் கேட்டேன். அன்றிரவே இரண்டு வரி அனுப்பினார். அச்செடுத்துக் கோப்பில் வைத்த பிறகுதான் காசை மாற்றினேன்.