கிராம சபையில் பெண்கள் பேச, ஆண்களும் பெண்களும் சேர்ந்து என்ன செய்யலாம்?

தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு என்று 2016-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் பல ஊர்களில் கிராம சபையன்று நாற்காலியில் ஆண்கள், ஓரமாகத் தரையில் பெண்கள், வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டதும் பாதிப் பேர் கிளம்பிவிடுகிறார்கள். ஊரில் நாலு ஆண்களும் நாலு பெண்களும் பேசி வைத்துக்கொண்டால் இதை மாற்ற முடியும்.

முதலில் வீடு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு முறை சபை கூடுகிறது, தேதி முன்பே தெரியும். அன்றைய சமையலைக் காலையிலேயே இரண்டு பேருமாக முடித்துவிடுங்கள். அடுப்பில் உலை கிடக்கிறதே என்ற நினைப்போடு உட்கார்ந்திருப்பவர் என்னத்தைப் பேசுவார்?

அப்புறம் மனு. மகளிர் குழு கூடும்போதே இரண்டு கோரிக்கைகளை முடிவு செய்யுங்கள், அதற்கு மேல் வேண்டாம். 'தண்ணீர் வரவில்லை' என்று மட்டும் எழுதினால் எடுபடாது. எந்தத் தெரு, எந்தக் குழாய், எத்தனை நாளாக என்று எழுத வேண்டும், அது குடம் தூக்குகிறவர்களுக்குத்தான் தெரியும். அலுவலக நடைமுறை தெரிந்த ஆண்கள் மனு எழுத உதவலாம், ஆனால் சபையில் வாசிப்பது குடம் தூக்கும் பெண்களில் ஒருவராகவே இருக்கட்டும்.

கூட்டம் தொடங்கியதும் ஓர் ஆண் எழுந்து, "மைக்கை முதலில் பெண்கள் பக்கம் கொடுங்க" என்று சொல்லுங்கள். இதையே ஒரு பெண் சொன்னால் சண்டைக்கு வருகிறாள் என்பார்கள். அது அநியாயம்தான், ஆனால் ஆணின் சொல்லுக்கு ஊரில் இருக்கும் மரியாதை இப்படியாவது பயன்படட்டுமே. யாராவது குறுக்கே பேசினால், பக்கத்தில் இருப்பவர் "அக்கா முடிக்கட்டும்ண்ணே" என்றால் போதும்.

ஊராட்சித் தலைவர் பெண் என்றால் கேள்வியை அவரிடமே கேளுங்கள். கணவர் பதில் சொல்ல எழுந்தால், "தலைவரே சொல்லட்டும்" என்று பணிவாக, ஆனால் விடாமல் சொல்லுங்கள். கணக்குப் பார்க்க, ஒன்றிய அலுவலகத்துக்கு வண்டியில் கூட்டிப்போக கணவர் தாராளமாக உதவலாம். மேடையும் கையெழுத்தும் தலைவருடையவை.

முடிவில் தீர்மானத்தை ஊராட்சிச் செயலர் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். வெற்றுப் பக்கத்தில் யாரும் கையெழுத்துப் போடாதீர்கள், எழுதிய பக்கத்தை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரமே பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) அலுவலகத்துக்கு ஓர் ஆணும் மனு வாசித்த பெண்ணும் சேர்ந்து போங்கள். ஆண்கள் மட்டும் போனால் அங்கே நடந்தது டீக்கடையோடு நின்றுவிடும். மனுவைக் கொடுத்ததும் ரசீதை அந்தப் பெண்ணின் பெயரிலேயே கேட்டு வாங்குங்கள்.