ஏர் ரைஃபிள், ஏர் பிஸ்டல் சேஃப்டி: உள்ள எதைப் பூட்டுதுன்னு பார்த்துட்டு நம்புங்க

புதுசா ஏர் ரைஃபிள் வாங்குறவங்க ஸ்கோப் என்ன, பெல்லட் (அதுல போடுற சின்ன ஈயக் குண்டு) எந்த பிராண்டு, வேகம் எவ்வளவுன்னு நிறைய கேப்பாங்க, தெரியாம சுட்டுடாம தடுக்கிற பூட்டான சேஃப்டி பத்தி மட்டும் யாரும் கேக்குறதே இல்ல. அந்த பட்டன் உள்ள எந்தப் பாகத்தைத் தடுக்குதுன்னு தெரியாம அதை நம்புறது ரொம்ப ஆபத்துங்க.

ஸ்பிரிங் துப்பாக்கிய காக் பண்ணும்போது, அதாவது பேரலையோ லீவரையோ மடக்கி சுடத் தயார் பண்ணும்போது, பிஸ்டன் பின்னாடி போயி மெயின் ஸ்பிரிங்க அமுக்கிட்டு நிக்கும். அது முன்னாடி பாயாம பிடிச்சு வைக்கிற சின்ன இரும்புக் கொக்கிதான் சியர். முன்னாடியே அமுக்கி அடைச்சு வச்ச காத்துல சுடுற பிசிபி துப்பாக்கில இதே மாதிரி சியர் ஹேமரைப் பிடிச்சு வைக்கும், அந்த ஹேமர் போயி வால்வை அடிச்சாதான் காத்து வெளிய வரும். டிரிகரை இழுத்தா சியர் நழுவும், குண்டு போகும். இப்ப விஷயம் என்னன்னா நிறைய மாடல்ல சேஃப்டி தடுக்கிறது டிரிகரை மட்டும்தான், சியர் கிட்ட அது போறதே இல்ல. அதனால சியர் ஓரம் தேஞ்சிருந்தாலோ, துப்பாக்கி கீழ விழுந்து பலமா அடி பட்டாலோ சேஃப்டி ஆன்ல இருக்கும்போதே வெடிக்க வாய்ப்பு இருக்கு. சேஃப்டி போட்டிருந்தாலும் பேரல் எந்தப் பக்கம் பாக்குதுங்கிறதுதான் முதல் பாதுகாப்பு.

உங்க துப்பாக்கில எந்த வகைன்னு பாருங்க. வெய்ராக் ஸ்பிரிங் ரைஃபிள்ல காக் பண்ணின உடனே பின்பக்கம் ஒரு சின்ன பட்டன் தானா வெளிய வரும், சுடணும்னா அதை உள்ள அமுக்கணும். ஒரு தடவை அமுக்கிட்டா திரும்ப ஆன் பண்ண பேரலை மறுபடி மடக்கித்தான் ஆகணும், அதனால குறி வைக்கிற வரைக்கும் அதைத் தொடாதீங்க. கேமோ ரைஃபிள் நிறையாத்துல டிரிகருக்கு முன்னாடி ஒரு சின்ன லீவர் இருக்கும், உங்க பக்கமா இழுத்தா சேஃப், முன்னாடி தள்ளினா சுடும். தானா போட்டுக்காது, நீங்கதான் போடணும். இந்த டிசைன்ல எனக்கு ஒரு குறை, விரலை டிரிகர் கார்டுக்குள்ள (டிரிகரைச் சுத்தி இருக்கிற வளையம்) விட்டுத்தான் சேஃப்டியையே மாத்தணும், அதனால அப்ப விரல் டிரிகர்ல படாம ரொம்ப கவனமா இருங்க. கிராஸ்மேன் மாதிரி பிஸ்டல்கள்ல குறுக்க அமுக்குற பட்டன், சிவப்பு வளையம் வெளிய தெரிஞ்சா சுடத் தயாரா இருக்குன்னு அர்த்தம்.

போட்டிக்குன்னே செய்யிற மேட்ச் ரைஃபிள், மேட்ச் பிஸ்டல் பலதுல சேஃப்டியே இருக்காது. அதுக்குப் பதிலா பேரல் காலியா இருக்குன்னு மத்தவங்களுக்குத் தெரியிற மாதிரி பளிச்சுனு கலர்ல ஒரு சேஃப்டி ஃபிளாக் செருகி வைக்கிறது ஐஎஸ்எஸ்எஃப் (சர்வதேச துப்பாக்கி சுடுதல் சம்மேளனம்) ரேஞ்சுகள்ல விதி.

பேரல் மடக்குற ரைஃபிள் பலதுல இன்னொரு தடுப்பும் இருக்கும், ஆன்டி பேர்டிராப்னு சொல்வாங்க, பேரல் முழுசா மூடுற வரைக்கும் டிரிகர் வேலை செய்யாது. எல்லா மாடல்லயும் இது கிடையாது. இருந்தாலும் இல்லாட்டியும் பெல்லட் போடும்போது ஒரு கை பேரலை இறுக்கமா பிடிச்சிருக்கணும், பேரலுக்குப் பதிலா அடியிலயோ பக்கத்துலயோ இருக்கிற லீவரை இழுத்து காக் பண்ற அன்டர்லீவர், சைடுலீவர்னா அந்த லீவரைப் பிடிச்சிருக்கணும், ஏன்னா அதுல உள்ள நகர்ற சேம்பர் திடீர்னு பாஞ்சா விரலே போயிடும்.

சரி, சேஃப்டி வேலை செய்யுதான்னு எப்படி பாக்குறது? முதல்ல பெல்லட் இல்லைன்னு உறுதி பண்ணுங்க, மேகசின் கழட்டிட்டா மட்டும் பத்தாது, பிசிபில பெல்லட்டை உள்ள தள்ளுற கம்பியான போல்ட்டை ஒரு தடவை தள்ளியிருந்தாலே பேரலுக்குள்ள ஒரு பெல்லட் உக்காந்திருக்கும். அப்புறம் பேரலை பெல்லட்டைத் தாங்குற பேக்ஸ்டாப் பக்கம் திருப்பி, காக் பண்ணி, சேஃப்டி ஆன் பண்ணி, டிரிகரை வழக்கமா இழுக்கிறதை விட கொஞ்சம் அழுத்தி இழுங்க. வெடிக்கக் கூடாது. விரலை முழுசா எடுத்துட்டு, இப்ப டிரிகரைத் தொடாம சேஃப்டியை மட்டும் ஆஃப் பண்ணுங்க. இந்த நேரத்துல வெடிச்சா சியர் பாதி நழுவிட்டு சேஃப்டி மேல தொங்கிட்டு இருந்திருக்குன்னு அர்த்தம், அந்தத் துப்பாக்கிய அதுக்கப்புறம் சுடவே சுடாதீங்க, தெரிஞ்ச மெக்கானிக் கிட்ட கொடுங்க. கடைசியா மறுபடி சேஃப்டி போட்டு பின்கட்டையை உள்ளங்கையால நாலு தட்டு தட்டிப் பாருங்க, அப்பவும் அசையக் கூடாது. பாஸ் ஆயிடுச்சுன்னா ஸ்பிரிங் ரைஃபிளை வெறுமனே சுடாம ஒரு பெல்லட் போட்டு பேக்ஸ்டாப்ல சுட்டு முடிங்க, காலியா சுட்டா பிஸ்டன் போயி இடிச்சு சீலும் ஸ்பிரிங்கும் கெட்டுப்போகும்.

டிரிகர் லைட்டா வேணும்னு ஸ்க்ரூவை திருகுறவங்களுக்குத்தான் முக்கியமா சொல்றேன். எந்த ஸ்க்ரூ டிரிகரை இழுக்கத் தேவையான எடையை மாத்துது, எந்த ஸ்க்ரூ சியர் பிடிமானத்தை மாத்துதுன்னு மேனுவல்ல பாத்துட்டு கை வைங்க. எடையை குறைச்சா இழுக்க லேசா இருக்கும், ஆனா பிடிமானத்தை குறைச்சா கொக்கி நுனியில தொங்கும், சும்மா கீழ வச்ச அதிர்வுக்கே நழுவலாம். ஏர் பிஸ்டல் போட்டியிலயே டிரிகரை இழுக்கிற எடை குறைஞ்சது 500 கிராம் இருக்கணும்னு ஐஎஸ்எஸ்எஃப் சொல்லுது, அப்புறம் கையில தூக்கிட்டு நடக்கிற துப்பாக்கிக்கு அதை விட லைட்டா எதுக்குங்க? ஒரு தடவைக்கு கால் சுத்துக்கு மேல திருகாதீங்க, ஒவ்வொரு தடவையும் மேல சொன்ன டெஸ்ட்டை முழுசா பண்ணுங்க. டிரிகர் பாக்ஸ் உள்ள சியர் மோதுற முகத்தை உப்புத்தாள் வச்சு தேய்க்கிற வேலை வேண்டவே வேண்டாம், மேல இருக்கிற கெட்டியான லேயர் போயிட்டா அப்புறம் வேகமா தேய ஆரம்பிச்சிடும்.

காக் பண்ணிட்டு சுடாம வைக்கணும்னா, பிசிபி பல மாடல்ல பேரல் காலியான பிறகு போல்ட்டைப் பின்னாடி இழுத்துப் பிடிச்சுகிட்டே டிரிகரை இழுத்து, போல்ட்டை மெதுவா முன்னாடி விட்டு டீகாக் பண்ணலாம், அதாவது சுடாமலே காக்கை எடுத்துடலாம். ஆன்டி பேர்டிராப் இருக்கிற ஸ்பிரிங் ரைஃபிள்ல இது முடியாது, சுட்டுத்தான் காலி பண்ணணும். சிஓ2 பிஸ்டல்ல மேகசினைக் கழட்டி, மிச்சம் இருக்கிற கேஸையும் காலி பண்ணிட்டு பெட்டிக்குள்ள வைங்க.