பழைய 3ஜி அலைவரிசையில் வேகம் பிடித்த கதை

எங்கள் வீட்டில் சிம் போட்டு ஓட்டும் ரவுட்டர். வாசலில் வேகம் பறக்கும். உள்ளறையில் வைத்தால் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கும். செட்டிங்ஸைத் திறந்து பார்த்தேன். ரவுட்டர் பிடித்துக்கொண்டிருந்தது பேண்ட் 40 என்ற அலைவரிசையை, அதாவது 2300 மெகாஹெர்ட்ஸ். சுவர்களைத் தாண்டி வருவதற்குள் அது சோர்ந்துவிடுகிறது; மெகாஹெர்ட்ஸ் எண் குறைந்தால் சுவரைத் தாண்டுவது எளிது.

இந்தியாவில் 2010 ஏலத்தில் 3ஜிக்காக விற்ற 2100 மெகாஹெர்ட்ஸும், 2ஜி ஓடிய 900-உம் இப்போது பல இடங்களில் 4ஜிக்கு மாறிவிட்டன. சரி, அவற்றைப் பிடிப்போம் என்று முதலில் பேண்ட் 8-ஐ (900) மட்டும் தேர்ந்தெடுத்தேன். சிக்னல் கோடு நிறைந்தது. ஆனால் எங்கள் பகுதியில் அதன் அகலம், அதாவது டேட்டா ஓடும் பாதையின் அளவு, 5 மெகாஹெர்ட்ஸ்தான். சாயங்காலமானால் ஒரே நெரிசல். அப்புறம் பேண்ட் 1-க்கு (2100) மாற்றினேன். கோடு குறைந்தது, வேகம் கூடியது! அதிலேயே விட்டுவிட்டேன்.

சில மலிவு ரவுட்டர்களில் இந்த பேண்டுகள் இருக்காது. வாங்கும்முன் பார்த்துக்கொள்ளுங்கள்.