கடலூர் கிணத்து டேட்டா, மழை டேட்டா, கடல் டேட்டா: ஒண்ணா சேக்குறது எப்படி

கடலோரத்துல நிலத்தடி நீர் உப்பாகுறத பத்தி ப்ராஜெக்ட் பண்றவங்க பல பேரு கிடைச்ச எக்செல் ஃபைல் எல்லாத்தையும் தேதியை மட்டும் வச்சு ஒட்டிடுறாங்க, தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க. முதல்ல கேள்வியை எழுதுங்க. "வடகிழக்கு பருவமழைக்கு அப்புறம் தேவனாம்பட்டினம் பக்கத்து கிணறுகள்ல உப்பு எத்தனை நாள்ல குறையுது" மாதிரி. அதுக்கு வேண்டிய டேட்டா போதும்.

அப்புறம் ஒவ்வொரு ரீடிங்கையும் தனி அப்சர்வேஷனா ஆர்டிஎஃப்ல (ஒவ்வொரு தகவலையும் எது, என்ன குணம், என்ன மதிப்புன்னு மூணு துண்டா எழுதுற டேட்டா வடிவம்) எழுதணும், எதுல அளந்தது, எந்த குணம், எந்த கருவி, எப்போ, என்ன யூனிட்னு எல்லாம் சேத்து. இதுக்குன்னே டபிள்யூ3சி (வெப் தரங்களை வகுக்குற அமைப்பு), ஓஜிசி (வரைபட, இட டேட்டாவுக்கு தரம் வகுக்குற அமைப்பு) ரெண்டும் சேந்து 2017ல கொடுத்த சோசா ஆன்டாலஜி, அதாவது அளவீடுகளை விவரிக்குற பொது சொல் பட்டியல், இருக்கு, புதுசா நீங்களே ஒண்ணு உருவாக்க வேணாம். யூனிட்டுக்கு க்யூயுடிடின்னு ஒரு ரெடிமேட் பட்டியல் இருக்கு. கிணறை சாம்பிள்னு போட்டு அது எந்த நீர்த்தாங்கியோட (நிலத்தடியில தண்ணி தேங்குற அடுக்கு) சாம்பிள்னும் சொல்லிடுங்க, ஏன்னா ஆழத்துல இருக்குற கடலூர் மணற்கல் பாறை அடுக்கு வரைக்கும் இறங்குற ஆழ்குழாயும் மேல மணல்லயே நிக்கிற கிணறும் ஒரே தெருவுல இருந்தாலும் தண்ணி வேற.

நிஜமான வேலை மேப்பிங்லதான், அதாவது ஒரு டேட்டாவுல இருக்குற சொல்லை இன்னொண்ணுல இருக்குறதோட பொருத்துறதுலதான். நிலத்தடி நீர்க்காரங்க உப்பை மின்கடத்தும் திறனா மைக்ரோசீமன்ஸ்ல சொல்வாங்க, கடல்காரங்க யூனிட்டே இல்லாத உவர்ப்பு எண்ணா சொல்வாங்க. ரெண்டையும் சேம்ஆஸ்னு ('ரெண்டும் ஒண்ணே'ன்னு சொல்ற இணைப்பு) கட்டிட்டா ரீசனர், அதாவது டேட்டாவுலருந்து தானா முடிவு எடுக்குற மென்பொருள், ரெண்டும் ஒரே பொருள்னே எடுத்துக்கும், அதோட எல்லா கணக்கும் போச்சு. ஸ்காஸ்ங்கற சொல் தொகுப்புல இருக்குற, 'தொடர்புடையது'ன்னு மட்டும் சொல்ற ரிலேட்டட்மேட்ச் போதும். கடல் தண்ணிக்கான ஃபார்முலா கிணத்து தண்ணிக்கு அப்படியே பொருந்தாது, மாத்தித்தான் ஆகணும்னா எந்த ஃபார்முலான்னு ப்ராவ்-ஓல (டேட்டா எப்படி வந்ததுன்னு பதியுற ஆன்டாலஜி) பதிஞ்சு வைங்க. நீர்மட்டமும் அப்படித்தான், கிணத்துல தரைக்கு கீழ எத்தனை மீட்டர்னு அளக்குறதால எண் ஏறினா தண்ணி இறங்குதுன்னு அர்த்தம், கடல் மட்டத்துக்கு நேர் எதிர்.

நேரத்தை ரொம்ப கவனிங்க. நம்ம வானிலைத்துறையோட ஒரு நாள் மழைங்கறது முந்தின நாள் காலை 8.30லருந்து அன்னைக்கு காலை 8.30 வரைக்கும், அதனால ஃபெஞ்சல் புயலப்போ 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரியில கொட்டுன மழை டிசம்பர் 1 கணக்குலதான் வரும். சாட்டிலைட் மழை ஃபைல்ல நாள் பெரும்பாலும் யுடிசி (உலகப் பொது நேரம்), நமக்கு காலை 5.30க்கு ஆரம்பிக்கும். தேதி மட்டும் போடாம தொடக்கம் முடிவு ரெண்டையும் சோசாவுல அளவீடு எந்த நேரத்துக்குன்னு சொல்ற ஃபினாமினன்டைம்ல கொடுங்க.

டேபிளை ஆர்டிஎஃப்பா மாத்த ஓப்பன்ரிஃபைன் (அதோட ஆர்டிஎஃப் எக்ஸ்டென்ஷன் வேணும்), இல்ல பைத்தான்ல ஆர்டிஎஃப்லிப். சேமிக்க ஜீனா ஃபுசெகிங்கற ஆர்டிஎஃப் டேட்டாபேஸ் சர்வர், எல்லாமே இலவசம். ஏத்தினதும் பெரிய கேள்விக்கு போகாம, பதில் தெரிஞ்ச ஒரு கிணறு ஒரு நாளை எடுத்து ஸ்பார்க்கிள்ல (ஆர்டிஎஃப் டேட்டாவுல கேள்வி கேக்குற மொழி) கேட்டு, வர்ற எண்ணை பழைய எக்செல்லோட ஒத்துப் பாருங்க.